அறிக்கை சரியான பிறகும் நடுங்கிய கை

"தைராய்டு அளவு சரியாகிவிட்டது அக்கா, மருந்து நன்றாக வேலை செய்கிறது" என்று மருத்துவர் சொன்ன அன்று பிற்பகல், கல்யாண ரவிக்கை ஒன்றுக்குக் கொக்கி தைப்பதற்காக ஊசியைக் கையில் எடுத்தேன். 22 ஆண்டுகளாகத் தையல் தொழில் செய்பவள் நான். நூல் கோக்கும்போது ஊசியைப் பார்க்கும் வழக்கம்கூட எனக்குக் கிடையாது. அன்று ஒன்பது முறை முயன்றேன். நூல்முனையை நாவில் நனைத்து, விரல்நுனியில் முறுக்கி, ஊசிக் கண்ணருகே கொண்டுபோகும்போதெல்லாம் அது விலகி விலகிப் போயிற்று. பத்தாம் முறை முயலாமல், பள்ளியிலிருந்து வந்திருந்த மகளைக் கூப்பிட்டுக் கோக்கச் சொன்னேன். அவள் கோத்துக் கொடுத்துவிட்டு, "டாக்டர் சரியாயிடுச்சுன்னு சொன்னாருன்னு சொன்னீங்களேம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொள்ள எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

எனக்கு வந்திருப்பது கிரேவ்ஸ் நோய். பெயரை முதலில் கேட்டபோது, ஆங்கிலத்தில் கல்லறைகளைக் குறிக்கும் சொல் என்று எண்ணி என் மகள் அழுதுவிட்டாள். 1835-இல் இந்நோயை விவரித்து எழுதிய டப்ளின் நகர மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸின் பெயர் அது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தடம் மாறி, கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியைத் தூண்டிவிடும் எதிர்ப்பொருள்களை உண்டாக்குவதே இந்நோயின் அடிப்படை. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, டி.எஸ்.எச். என்ற சுரப்பின் வழியாக இட வேண்டிய கட்டளையை இந்த எதிர்ப்பொருள்கள் தாமே இடத் தொடங்கிவிடுவதால், தைராய்டு ஓய்வொழிவின்றிச் சுரக்கிறது. இரத்தத்தில் தைராய்டு சுரப்புகளான டி3, டி4 இரண்டும் ஏறிவிடுகின்றன. இதயத் துடிப்பு ஓடுகிறது, வயிறு இளகுகிறது, தசை கரைகிறது, தூக்கம் போய்விடுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது பல மடங்கு அதிகமாக வருகிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள என் கடைக்கு வரும் பெண்களில் நால்வர் இதற்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள். அளவெடுக்க நிற்கும்போது அவர்கள் என்னிடம் கேட்பதும் என் மகள் கேட்டதையே. அவர்களுக்கு வாய்ச்சொல்லாக அரைகுறையாகச் சொன்னதை முழுமையாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. நான் மருத்துவம் படித்தவள் அல்லள். மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் என் உடம்பில் நடந்ததையும் மட்டுமே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் பழைய சாலையில் இருக்கிறது. சுற்றிலும் முன்பு ரப்பர்த் தோட்டங்கள். இப்போது பெரும்பாலும் செம்பனை. என் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர்; நான் பிறந்ததும் ஒரு தோட்டத்து லயத்தில்தான். தோட்டத்தை விட்டு ஊருக்குள் வந்து, கடைவரிசையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தையல் கடை வைத்தேன். மலேசிய இந்தியத் தலைவர் துன் சம்பந்தன் 1954-இல் அமைத்த மகாத்மா காந்தி கலாசாலைப் பிள்ளைகள் பலருக்கு நீலப் பினோஃபோர் தைத்துக் கொடுத்திருக்கிறேன். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்கள்தாம் எங்களுக்கு அறுவடைக் காலம். இரவு பன்னிரண்டு மணிவரை இயந்திரம் ஓடும். நோய் தொடங்கியதும் அந்த மாதங்களில்தான். நெஞ்சு படபடத்தது, வியர்த்து ஊற்றியது, வழக்கத்தைவிட இரு மடங்கு சாப்பிட்டும் 9 கிலோ இளைத்தேன். வேலை மிகுதி என்றே எல்லாரும் எண்ணினோம். இளைத்ததைப் பாராட்டி, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்த பெண்களும் உண்டு.

முதலில் போன தனியார் கிளினிக்கில் கேஸ்டிரிக் என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். அடுத்த முறை, மனப் பதற்றம் என்று சொல்லித் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். இரத்தத்தை யாரும் சோதிக்கவில்லை. இப்படியே நான்கு மாதங்கள் போயின, அதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. கடைசியில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணம் கட்டி அரசாங்கக் கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்தேன். இளம் மருத்துவர் ஒருவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்களை விரிக்கச் சொல்லி, மேசையில் கிடந்த ஒரு வெற்றுத் தாளை எடுத்து என் விரல்களின் மேல் வைத்தார். எனக்குத் தெரியாமலேயே விரல்களில் ஓடிக்கொண்டிருந்த நுண்ணிய நடுக்கம் அந்தத் தாளில் ஏறி, அதன் ஓரங்கள் சடசடவென்று அதிர்ந்தன. அறையில் மின்விசிறி ஓடவில்லை. பிறகு நாடியைப் பிடித்து 118 என்று குறித்துக்கொண்டார்; பின்னால் நின்று கழுத்தைத் தொட்டபடி, ஒரு மிடறு தண்ணீர் குடிக்கச் சொன்னார். அடுத்த வாரம் வந்த அறிக்கையில் டி.எஸ்.எச். 0.01-க்கும் கீழே இருந்தது; 12 முதல் 22 வரை இருக்க வேண்டிய டி4 அளவு 58 ஆக இருந்தது. ஈப்போவில் நிபுணரைப் பார்க்கக் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள்.

கார்பிமசோல் என்ற மாத்திரையை நாளுக்கு 30 மில்லிகிராம், அதாவது ஐந்து மில்லிகிராம் மாத்திரைகள் ஆறு, சாப்பிடச் சொன்னார்கள். மறுவாரமே படபடப்பு நின்றுவிடும் என்று எதிர்பார்த்தேன்; நிற்கவில்லை. அதன் காரணத்தை அறிந்தபோது, அம்மாவின் தொழிலை வைத்தே அதைப் புரிந்துகொண்டேன். இன்று காலையோடு மரம் வெட்டுவதை நிறுத்தினாலும், நேற்றுவரை வெட்டிக் கொட்டகைத் தொட்டியில் ஊற்றிய பால் தொட்டியில் இருக்கத்தான் செய்யும், லாரியும் அதை ஏற்றிக்கொண்டு போகத்தான் செய்யும். கார்பிமசோல் புதிய சுரப்பு உண்டாவதைத் தடுக்கிறது. தைராய்டு ஏற்கெனவே உண்டாக்கிச் சேர்த்துவைத்திருப்பதை அது தொடுவதில்லை. பல வாரங்களுக்குப் போதுமான இருப்பு அங்கே உண்டு. போதாததற்கு, இரத்தத்தில் கலந்துவிட்ட டி4 பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆகவே முதல் ஒன்றரை மாதம் மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணி நிறுத்திவிடுவது பெரிய தவறு. என் கடைக்கு வரும் நால்வரில் ஒருவர் அப்படித்தான் இரண்டாம் வாரத்திலேயே நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

இந்த மருந்தைப் பற்றி ஒன்றை மட்டும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லிவிட வேண்டும். ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள், இது இரத்த வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடக்கூடும். அதன் அறிகுறி காய்ச்சலும் தொண்டை வலியும் வாய்ப்புண்ணும். எங்கள் பக்கத்தில் காய்ச்சல் என்றால் இரண்டு பாராசிட்டமோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற பழக்கம் தோட்டக் காலத்திலிருந்தே உண்டு; நாள் கூலியை விட்டுப் படுக்க முடியாத வாழ்க்கை அப்படிப் பழக்கியது. கார்பிமசோல் சாப்பிடுபவர் அப்படிச் செய்யக் கூடாது. மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய், இன்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லி, இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டாம் மாதத்தில் ஓர் இரவு அப்படிக் காய்ச்சல் வந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் கணவர், நான் கேட்கவில்லை. அவசரப் பிரிவில் சோதித்து, அணுக்கள் சரியாக இருப்பதாகச் சொல்லி, இரண்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். தோல் அரிப்பு இந்த மருந்தால் சிலருக்கு வருவது. அதற்குப் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் சொல்ல வேண்டும். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ கல்லீரலைக் கவனிக்க வேண்டும் என்பதால் உடனே போக வேண்டும்.

ஒன்பதாம் வாரத்தில் டி4 சரியான வரம்புக்குள் வந்தது. முதலில் சொன்ன ஊசி நூல் சம்பவம் அன்று நடந்ததுதான். அந்த அறிக்கையிலும் டி.எஸ்.எச். 0.01-க்குக் கீழேயே கிடந்தது; அதைப் பார்த்து நான் கலங்கிப்போனேன். நீண்ட காலம் அடங்கிக் கிடந்த பிட்யூட்டரி விழித்துக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும் என்றும், தொடக்க மாதங்களில் டி4, டி3 இரண்டையும் பார்த்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்வார்கள் என்றும் நிபுணர் விளக்கினார். சிலருக்கு டி4 இறங்கிய பிறகும் டி3 உயர்ந்தே இருக்குமாம். ஆகவே அறிக்கை சரி என்று சொல்லியும் படபடப்பு அடங்காதவர்கள், டி3 பார்த்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்பது நல்லது. எனக்குப் பார்த்தபோது அதுவும் சரியாகத்தான் இருந்தது. அப்படியானால் கை ஏன் நடுங்குகிறது என்று கேட்டேன். "இரத்தம் முதலில் சரியாகும் அக்கா, உறுப்புகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வரும்" என்றார். அன்று மாலை ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து, உறுப்புக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன்.

நடுக்கத்துக்கும் படபடப்புக்கும் புரோப்ரனலோல் கொடுத்திருந்தார்கள். இது நோயைத் தீர்ப்பதில்லை. மிகையான சுரப்பால் உடல் பரபரப்படைவதை மட்டும் தணிக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆகாது என்பதால், இளைப்பு இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டி4 சரியாகிவிட்டதே என்று நானாக ஒரு நாள் இதை முழுவதும் நிறுத்தினேன். மூன்றாம் நாள் காலையில் கடைக் கதவைத் தூக்கும்போதே நெஞ்சு பழையபடி அடிக்கத் தொடங்கிவிட்டது. பிறகு மருத்துவர் சொன்னபடி, நாளுக்கு மூன்றை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கி, ஐந்து வாரங்களில் விட்டேன். காலையும் மாலையும் குடித்துவந்த கெட்டிக் கோப்பியையும் அந்த மாதங்களில் விட்டுவிட்டேன், அதுவும் உதவியது. ஐந்தாம் மாதம் ஒரு நாள், முதல் முயற்சியிலேயே நூல் கோத்தது.

தசையின் கதை இதைவிட நீண்டது. துணியைத் தரையில் பாயில் விரித்து வெட்டுவது என் வழக்கம். வெட்டி முடித்து எழும்போது தொடைகளில் வலுவே இல்லாமல், மேசைக் காலைப் பிடித்து, பிறகு மேசை விளிம்பைப் பிடித்து, இரண்டு தவணையாக எழுவேன். மேல்தட்டிலிருந்து லைனிங் துணிக்கட்டை எடுக்கத் தோள் ஒத்துழைக்காது. இந்நோய் உடலின் நடுப்பகுதியை ஒட்டிய பெருந்தசைகளைத்தான் அதிகமாகக் கரைக்கிறது. கரைந்தது திரும்ப வளர வேண்டும், அளவு சரியான மறுநாள் அது நடந்துவிடாது. நாடி அமைதியாகும்வரை கடுமையான உடற்பயிற்சி வேண்டாம் என்றார்கள். அதன் பிறகு நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்: தையல் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்பதை ஞாயிறுதோறும் நோட்டில் எழுதினேன். முதல் வாரம் 3. முட்டை, பருப்பு, நெத்திலி என்று புரதம் சேர்த்துச் சாப்பிட்டு, மாலையில் திடலைச் சுற்றி நடந்து, ஏழாம் மாதம் 15-ஐத் தொட்டேன். எலும்பும் இந்நோயில் சுண்ணாம்புச் சத்தை இழக்கிறது என்பதால் நெத்திலியைத் தலையோடும் முள்ளோடும் சாப்பிடுவதை விடவில்லை. இங்கே ஆண்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஆசிய ஆண்கள் சிலருக்கு இந்நோயில் இரத்தத்தில் பொட்டாசியம் திடீரென்று குறைந்து, வயிறு நிறையச் சோறு சாப்பிட்டுப் படுத்த பிறகோ கடும் உழைப்புக்குப் பிறகோ, கால்கள் அசையாமல் போவதுண்டு. வாதம் என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிப் போக வேண்டும்.

முடி விஷயத்தில்தான் நான் ஆபத்தான ஒரு தவறைச் செய்தேன். அளவு சரியான பிறகு, நோய் போய்விட்டது என்று நிம்மதியடைந்த நேரத்தில், தலையில் கை வைத்தால் கொத்தாக வந்தது. தைத்து முடித்த ரவிக்கைகளில் என் முடி ஒட்டியிருக்குமோ என்று பயந்து, கடையில் எந்நேரமும் துண்டு கட்டிக்கொண்டு இருந்தேன். உடலுக்கு ஏற்பட்ட அதிர்ச்சிக்கு முடி இரண்டு மூன்று மாதங்கள் கழித்துத்தான் விடை சொல்லும், வேர் சாகவில்லை என்பதால் திரும்ப வளரும் என்பதை அப்போது யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. மருந்துக் கடையில் முடிக்கென்று விற்கும் மாத்திரையை வாங்கி, நாளுக்கு ஒன்றாக இரண்டு மாதங்கள் சாப்பிட்டேன். அடுத்த அறிக்கையில் டி4 மறுபடியும் ஏறியிருந்தது, டி.எஸ்.எச். இறங்கியிருந்தது. நோய் திரும்பிவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன்.

மருத்துவர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நாடி 74. எடை கூடியிருக்கிறது. கையை நீட்டச் சொன்னார், நடுக்கம் இல்லை. "தாள் ஒன்று சொல்கிறது, நீங்கள் வேறொன்று சொல்கிறீர்கள். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வைட்டமினை மருந்தென்று நான் எண்ணவில்லை. "வைட்டமின், மூலிகை, எதுவாக இருந்தாலும்?" என்று மீண்டும் கேட்டபோதுதான் பைக்குள்ளிருந்த புட்டியை எடுத்துக் காட்டினேன். அதில் ஒரு மாத்திரையில் 10,000 மைக்ரோகிராம் பயோட்டின் என்ற வைட்டமின் இருந்தது. ஒரு நாளைக்கு மனித உடலுக்கு 30 மைக்ரோகிராம் போதும். பல ஆய்வகங்களின் தைராய்டுப் பரிசோதனை முறையே பயோட்டினைக் கருவியாகப் பயன்படுத்துவதால், இரத்தத்தில் அது மிகுந்திருந்தால் டி4, டி3 உயர்ந்ததாகவும் டி.எஸ்.எச். தாழ்ந்ததாகவும் பொய்யான எண்கள் வந்துவிடும். கிரேவ்ஸ் நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் பரிசோதனைகூடப் பொய்யாக உயர்ந்து காட்டக்கூடும். பரிசோதனைக்கு இரண்டு நாளாவது முன்பு நிறுத்த வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. என்னை ஒரு வாரம் நிறுத்திவிட்டு வரச் சொன்னார். மறுபடி எடுத்தபோது டி4 அளவு 13. அந்த முதல் தாளை மட்டும் நம்பி மருந்தைக் கூட்டியிருந்தால், இல்லாத நோய்க்கு மருந்து தின்று படுத்திருப்பேன். முடி தானாகவே வளர்ந்தது; நெற்றியோரத்தில் குழந்தை முடிபோலச் சிறு மயிர்கள் எழுந்ததை மகள்தான் முதலில் பார்த்துச் சொன்னாள்.

எட்டாம் மாதத்தில் வேறு விதமான தொல்லை வந்தது. பெடலை மிதித்துக்கொண்டிருக்கும்போது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. மின்விசிறிக் காற்று குளிர்ந்தது, மலச்சிக்கல் வந்தது, காலையில் எழும்போதே அலுப்பாக இருந்தது. இழந்த 9 கிலோவும் திரும்பி, மேலும் 3 கிலோ ஏறியிருந்தது. இதுவும் பழைய நோயின் மிச்சம்தான், பொறுத்துக்கொள்வோம் என்று ஆறு வாரங்கள் சும்மா இருந்தேன். அது மிச்சமே அல்ல என்பது பரிசோதனையில் தெரிந்தது: டி4 வரம்புக்குக் கீழே போய், டி.எஸ்.எச். 14-க்கு ஏறியிருந்தது. நோயின் வேகம் குறைந்துவிட்டது, மருந்தின் அளவு குறையவில்லை. நாளுக்கு 15 மில்லிகிராமாக இருந்ததை 5 ஆக்கினார்கள். ஒரு மாதத்தில் கெண்டைக்கால் இழுப்பு விட்டது. இதை எழுதும்போது என் மனத்தில் இருப்பவர், என் கடைக்கு வரும் நால்வரில் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் அந்த அக்காதான். குளிர்கிறதா வியர்க்கிறதா, வயிறு இளகுகிறதா இறுகுகிறதா என்று எழுதிவைத்துப் பாருங்கள் அக்கா. சோர்வு இரண்டு பக்கமும் வரும். மற்றவை பெரும்பாலும் எந்தப் பக்கம் என்று காட்டிக்கொடுக்கும்.

இதற்கிடையில் சொந்தக்காரர்களின் வைத்தியமும் நடந்தது. அம்மா என் கழுத்தைத் தடவிப் பார்த்து, தோட்டத்தில் சிலருக்கு இருந்த கழலையை நினைவுபடுத்தி, தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரசர் ஐயா அந்தக் காலத்தில் ஏதோ பழுப்பு நிற மருந்து கொடுத்தாரே என்றார். அதைக் கேட்ட என் அத்தை, ஐயோடின் குறைவுதான் காரணம் என்று சொல்லிக் கடல்பாசி சூப்பும் கடல்பாசி மாத்திரையும் வாங்கிவந்தார். ஐயோடின் குறைவால் வரும் கழலை வேறு, கிரேவ்ஸ் வேறு. ஏற்கெனவே மிகையாகச் சுரக்கும் சுரப்பிக்கு ஐயோடினை அள்ளிக் கொடுப்பது அதற்கே மூலப்பொருள் கொடுப்பதாகிவிடும். அத்தையின் மனம் நோகாதபடி வாங்கி வைத்துக்கொண்டேன், சாப்பிடவில்லை. சமையலில் போடும் உப்பை மாற்ற வேண்டியதில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

கண் பக்கம்தான் நோட்டில் அதிகம் நிரம்பியது. மூன்றாம் மாதம் முதல் கண்ணில் மணல் விழுந்ததுபோல அரித்தது, நீர் வடிந்தது, மேலிமை ஏறி எந்நேரமும் முறைப்பதுபோலப் பார்வை ஆயிற்று. சுரப்பியைத் தாக்கும் அதே எதிர்ப்பாற்றல் கண்ணுக்குப் பின்னாலுள்ள தசையையும் கொழுப்பையும் தாக்குவதால் இது வருகிறது; டி4 சரியாக இருந்தாலும் இது தன் போக்கில் நடக்கும். செயற்கைக் கண்ணீர் சொட்டு, இரவில் களிம்பு, இரட்டைத் தலையணை, வெயிலில் கறுப்புக் கண்ணாடி ஆகியவற்றால் ஓரளவு சமாளித்தேன். புகை இதன் பரம எதிரி: நோயாளி புகைத்தால் கண்நோய் வரும் வாய்ப்பும் அதன் கடுமையும் கூடும். நான் புகைப்பதில்லை, என் கணவர் கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் நின்று புகைப்பவர். பிறர் புகையும் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதை அவரிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் முதல் சாலைக்கு அப்பால் போய் நின்றார். நான்கு மாதங்களில் விட்டேவிட்டார்.

கண் நிபுணர் எனக்கு ஒரு சோதனையைக் கற்றுக்கொடுத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு சிவப்பு நிறப் பொருளைப் பார்க்க வேண்டும். பிறகு மற்றக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு கண்ணுக்குச் சிவப்பு வெளிறித் தெரிந்தால், வீங்கிய தசைகள் பார்வை நரம்பை நெருக்குகின்றன என்று பொருளாகலாம். அன்றே வர வேண்டும் என்றார். ஒன்று இரண்டாகத் தெரிந்தாலும், கண்ணை அசைக்கும்போது வலித்தாலும் காத்திருக்கக் கூடாது. இயந்திரத்தின் பக்கத்தில் குங்குமச் சிவப்பு நூற்கண்டு ஒன்றை அதற்கென்றே வைத்திருக்கிறேன். கடை திறந்ததும் விளக்கேற்றி, சாமி கும்பிட்டு, வலக்கண்ணால் ஒரு முறை, இடக்கண்ணால் ஒரு முறை அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். நிறம் பார்த்து நூல் எடுக்கும் தொழிலில் இருப்பவளுக்கு இது எவ்வளவு பெரிய பயம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஐயோடின்-131 கதிரியக்க மருந்தால் சுரப்பியை அடக்கிவிடலாமே, அறுத்தே எடுத்துவிடலாமே என்று நானும் கேட்டேன். 1941-இல் பாஸ்டனில் தொடங்கிய கதிரியக்க முறை இன்றும் பரவலாக உள்ளது. ஆனால் கண்நோய் முனைப்பாக இருக்கும்போது அதைக் கூடுதலாக்கிவிடக்கூடும் என்பதால் எனக்கு இப்போது வேண்டாம் என்றார்கள். இரண்டு முறைகளிலும் பிறகு பெரும்பாலும் ஆயுள் முழுவதும் தைராய்டு மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். மாத்திரையே போதும் என்று முடிவு செய்தோம்.

மனம் சரியாவதற்குத்தான் எல்லாவற்றையும்விட நாள் பிடித்தது. நோயின் உச்சத்தில், சட்டைக்குக் காஜா எடுக்கத் தாமதமானது என்று கத்தரிக்கோலை மேசையில் வீசியிருக்கிறேன். மாமியாரை எதிர்த்துப் பேசியிருக்கிறேன். அளவு இறங்கியதும் அந்தக் கோபம் போய்விட்டது. ஆனால் தூக்கம் மூன்று மணிக்கே கலைந்தது, காரணமில்லாத பயம் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது, கவனம் நிற்கவில்லை. அளவு நோட்டில் 34 என்பதை 43 என்று எழுதி, ஒருவருடைய பட்டுத் துணியை வெட்டி வீணாக்கி, ஈப்போவுக்குப் போய் அதே துணியைத் தேடி வாங்கிக் கொடுத்தேன். இதையும் நோயின் பகுதியாகச் சொல்லலாம் என்பதே எனக்குத் தெரியாது. குணக்கேடு என்று எண்ணி மறைத்தேன். பத்தாம் மாதம் நிபுணரிடம் சொன்னபோது, இது பலருக்கும் உள்ளதுதான், முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்டு, மனநல ஆலோசகரிடம் மூன்று சந்திப்புகளுக்கு ஏற்பாடு செய்தார். அன்றிரவு மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று பேசியது நானாகப் பேசியது இல்லை அத்தை என்றேன். "தெரியும்மா, உன் கண்ணப் பாத்தாலே தெரிஞ்சுச்சு" என்றார்.

இப்போது பதினாறாம் மாதம். நாளுக்கு ஒரே மாத்திரை, 5 மில்லிகிராம். பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதங்கள் சாப்பிட்ட பிறகு எதிர்ப்பொருள் அளவைப் பார்த்து மருந்தை நிறுத்துவது வழக்கம். நிறுத்தியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார்கள். அந்தப் பரிசோதனை அடுத்த மாதம். சந்திப்புக்குக் கொண்டுபோக நோட்டில் எழுதிவைத்திருப்பவை மூன்று வரிகள்தாம்: காலையில் இடக்கண் இன்னும் உலர்கிறது, தூக்கம் ஐந்து மணிவரை வருகிறது, நாற்காலி 22.